முடிக்காத காரை விற்ற மகளுக்கு

சங்கவி,

நீ வேலைக்குப் போன பிறகு, என் அறைக்குள் வெளிச்சம் நன்றாக விழுகிற நேரம் பார்த்து இதை எழுதுகிறேன். விரல்கள் மடங்காத நாட்களில் பேனையைத் தொடுவதில்லை. ஆகவே இது ஒரே இருப்பில் எழுதிய கடிதம் அல்ல. எழுத்து சில இடங்களில் நேராகவும் சில இடங்களில் சரிந்தும் இருக்கும், பொறுத்துக்கொள். வாயாலேயே சொல்லலாம்தான். ஆனால் உன்னைப் புகழ்ந்து யாராவது இரண்டு வார்த்தை சொன்னாலே நீ ஒரு பகிடி விட்டுவிட்டு எழுந்து போய்விடுவாய். கடிதத்திடம் அப்படித் தப்ப முடியாது.

ஹரோவில் நடந்த கல்யாண வீட்டில் நிர்மலா மாமி எல்லோர் முன்னாலும் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "தாய்க்காக ஆசைப்பட்ட காரையே வித்த பிள்ளை" என்று சொன்னார். மேசையில் இருந்தவர்கள் உன்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நீ குனிந்துகொண்டு தட்டில் இருந்த சோற்றைக் கிளறினாய். மாமி நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனாலும் எனக்கு அது பிடிக்கவில்லை. அவர் சொன்ன கதையில் நீ ஒரு பாவப்பட்ட பிள்ளை, நான் ஒரு சுமை. நடந்தது அதுவல்ல. நடந்ததைப் பக்கத்தில் இருந்து முழுக்கப் பார்த்தவள் நான் ஒருத்திதான். ஆகவே அதை நான்தான் எழுதவேண்டும். எழுதுவதற்கு இன்னொரு காரணம் கிளாஸ்கோ. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்தக் கார் எங்கள் தெருவுக்குள் ஒரு லொறியின் முதுகில் ஏறி வந்தது உனக்கு நினைவிருக்கும். ரயில்வேயில் உன் வேலை நிரந்தரமான பிறகு, சேர்த்த காசில் நீ வாங்கிய முதல் பெரிய சாமான் அது. அமெரிக்காவில் அறுபதுகளில் செய்த மசில் கார் என்று சொன்னாய். மசில் என்றால் தசை என்று எனக்குத் தெரியும். வந்து இறங்கியதிலோ எலும்புதான் இருந்தது. நீண்ட மூக்கு, இடப்பக்கத்து ஸ்டியரிங், உள்ளே முன்னும் பின்னும் கிழிந்த சீற். கதவுகள் தனியே பழைய கம்பளத்தில் சுற்றி வந்தன. எட்டு சிலிண்டர் இஞ்சின் ஒரு மரச்சட்டத்தில் கட்டியபடி வேறாக வந்தது. அடித்தகடு முழுக்கக் கறள், துருப் பிடித்துச் சிவந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நானும் அன்று நல்லதாக ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காசுக்கு இரண்டு சோடி காப்புச் செய்திருக்கலாமே என்றுதான் கேட்டேன். நீ கோபப்படவில்லை. கராஜுக்குள் கார் போகுமா என்று பார்க்க, நாடாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

போனது, ஆனால் மட்டுமட்டாக. எங்கள் ரெய்னர்ஸ் லேன் பக்கத்து வீடுகளின் கராஜ்கள் சின்னக் கார்கள் ஓடிய காலத்தில் கட்டியவை. காரைச் சின்னச் சில்லு பூட்டிய, தள்ளினால் உருளும் பலகைகளில் ஏற்றி வைத்து, இந்தப் பக்கத்து வேலைக்கு அந்தச் சுவரோடும் அந்தப் பக்கத்து வேலைக்கு இந்தச் சுவரோடும் தள்ளித் தள்ளித்தான் நீ வேலை செய்தாய். கல்லூரியில் மாலை வகுப்புக்குப் போய் வெல்டிங் பழகினாய். தலைமயிரில் புகை மணக்க மணக்க வந்து சாப்பிட இருப்பாய். என் பெரிய சட்டி ஒன்று காணாமல் போய், காபரேட்டர் துண்டுகள் ஊறியபடி கராஜில் கண்டெடுக்கப்பட்டது. அதற்கு மட்டும் நான் ஏசினேன்.

உன் அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் சத்தம் குறைந்துபோயிருந்தது. நீ உன் அறையில், நான் என் அறையில், இடையில் ரிவி. அந்தக் கராஜில் இருந்துதான் மறுபடி வீட்டுக்குள் சத்தம் வந்தது. அராவுகிற சத்தம், தட்டுகிற சத்தம், நீ உனக்குள்ளே கதைக்கிற சத்தம். நான் வெங்காயம் உரிக்கிற தட்டத்தைத் தூக்கிக்கொண்டு கராஜ் வாசலில் கதிரை போட்டு இருக்கத் தொடங்கினேன். எனக்குக் கார் பிடித்ததென்று இல்லை. நீ வேலை செய்வதைப் பார்க்கப் பிடித்தது. இறுகிப்போன ஒரு நட்டை நீ ஒரு நாளும் அடித்து உடைத்ததில்லை. எண்ணெய் விட்டு, சூடாக்கி, கழலவில்லையென்றால் விட்டுவிட்டு அடுத்த நாள் வருவாய். சில நட்டுகளுக்கு ஒரு கிழமை கொடுத்தாய். பள்ளிக்கூடச் சமையலறையில் இத்தனை வருடம் அவசரத்திலேயே வேலை செய்த எனக்கு, அவசரப்படாத கையைப் பார்ப்பது பெரிய ஆறுதலாக இருந்தது.

அந்தச் சமையலறை வேலையைத்தான் மூட்டுவாதம் முதலில் பறித்தது. முதலில் விரல்கள், பிறகு முழங்கால்கள். குளிர் காலத்தில் படி ஏறுவது பெரிய பாடாகிவிட்டது. எங்கள் வீட்டில் படுக்கையும் குளியலறையும் கழிவறையும் மேலேதானே. நான் உனக்குச் சொல்லவில்லை. காலையில் நீ போன பிறகு, ஒவ்வொரு படியிலும் குந்திக் குந்திப் பின்பக்கமாக இறங்குவேன். மத்தியானத்துக்குப் பிறகு தேத்தண்ணியும் தண்ணியும் குடிப்பதை நிறுத்திவிட்டேன். குடித்தால் மேலே ஏறவேண்டும். அவ்வளவுதான். அதை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

நீ கவனித்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை கராஜ் வாசலில் எனக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாய். நான் அதைக் கையிலேயே வைத்திருந்துவிட்டு, நீ காருக்குக் கீழே போன நேரம் பூச்சாடிக்குள் ஊற்றினேன். காருக்குக் கீழே படுத்திருப்பவளுக்கு வெளியே நிற்பவர்களின் கால்தான் தெரியும் என்று நினைத்தது என் பிழை. பூச்சாடியும் தெரியும். நீ ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கிழமை கவுன்சிலில் இருந்து ஒரு பெண் வந்து வீட்டை அளந்தார். நீதான் எழுதிக் கூப்பிட்டிருந்தாய். படி ஒடுக்கம், அதில் ஒரு திருப்பமும் இருக்கிறது, ஆளை மேலே ஏற்றிச் செல்லும் மின்கதிரை பூட்டுவது கஷ்டம் என்றார். பூட்டினாலும் குளியலறை மேலேயே இருக்கும். பிறகு அவர் கராஜ் கதவைக் காட்டி, இதை ஒரு அறையாக மாற்றினால் என்ன என்று கேட்டார். நான் உடனே, அங்கே மகளின் கார் இருக்கிறது என்றேன். உள்ளே யாரோ குடியிருக்கிறார்கள் என்று சொல்வதுபோலத்தான் சொன்னேன்.

அன்று அவர் போன பிறகு குசினியில் நாங்கள் கதைத்ததை நான் அப்படியே எழுதுகிறேன். ஏனென்றால் நிர்மலா மாமியின் கதையில் அது இல்லை.

"எனக்காக நீ ஒண்டையும் விக்க வேண்டாம்" என்றேன் நான்.

"உங்களுக்காக மட்டும் இல்லை அம்மா" என்றாய். "நீங்கள் தேத்தண்ணியை ஊத்திறதைப் பாத்துக்கொண்டு, நான் அதுக்குக் கீழ படுத்து வேலை செய்ய ஏலாது. எனக்கு அதில சந்தோசம் போயிட்டுது."

வேறு எங்காவது வாடகைக்கு ஒரு கராஜ் எடுத்து வைக்கலாமே என்று கேட்டேன். நீ அதையும் பார்த்திருந்தாய். கிடைத்தவை எல்லாம் தூரத்தில். மாதத்துக்கு ஒரு முறைதான் போக முடியும், மூடி வைத்தால் திரும்பவும் கறள் பிடிக்கும், செய்த வேலை எல்லாம் வீணாகும் என்றாய். நாளும் பொழுதும் அதில் கை வைக்கக்கூடிய ஒருவரிடம் அது போகவேண்டும் என்றாய். நீ அழவில்லை. யாரையும் குற்றம் சொல்லவுமில்லை. ஒரு பொருளின்மேல் இவ்வளவு ஆசை வைத்திருந்தும், அந்தப் பொருளுக்கு எது நல்லது என்று யோசிக்க முடிகிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை. அன்று பின்னேரம் உனக்கு எதிரேயே இருந்து இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்தேன். மேலே ஏறும்போது நீ பின்னால் வந்தாய்.

விளம்பரத்துக்கு நீ படம் எடுத்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. கல்யாணப் பேச்சுக்குப் படம் அனுப்பும்போது யாரும் தழும்பைக் கிட்டத்தில் எடுத்து அனுப்புவதில்லை. நீயோ கறள் இருந்த இடங்களைத் துடைத்து, லைற் பிடித்து, நன்றாகத் தெரியும்படி முதலில் எடுத்தாய். பளபளவென்று இருந்த இஞ்சினைக் கடைசியில் போட்டாய். விளம்பரத்தில் எது முடிந்தது என்பதைவிட எது முடியவில்லை என்பதுதான் நீளமாக இருந்தது. பலர் போன் எடுத்தார்கள். ஒருவர், வீட்டில் ஆம்பிளை யாராவது இருந்தால் அவரிடம் கொடுக்கச் சொன்னார். இந்தக் காரைக் கழற்றிய ஆளோடுதான் நீங்கள் கதைக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் அடுத்த கேள்வி கேட்கும்வரை நீ பொறுமையாகக் காத்திருந்தாய்.

முதலில் நேரில் வந்தவர் இஞ்சினுக்காக வந்தவர். மரியாதையான மனிதர். கேட்ட விலையைப் பேரம் பேசாமல் தருவதாகவும், மறுநாளே எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போவதாகவும் சொன்னார். தனக்கு வேண்டியது இஞ்சினும் கியர்பெட்டியும்தான், மிச்சத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். கட்டட வேலைக்காரர்கள் நாள் குறித்திருந்தார்கள். அந்த நாளுக்கு முன்னால் கராஜ் காலியாக வேண்டும். தலையிடி ஒரே நாளில் தீர்ந்தது என்று எனக்கு இருந்தது. நீ ஒரு நாள் யோசித்துவிட்டு அவருக்கு நன்றி சொல்லி மறுத்துவிட்டாய். எனக்கு விளங்கவில்லை. இஞ்சின் நீ வாங்கும்போதே நல்ல நிலையில்தான் இருந்தது, நீ இவ்வளவு காலமும் பாடுபட்டது அந்த உடம்பில்தான், அதை இரும்புக்குப் போட உன் கையாலேயே கொடுக்க மனம் வராது என்று சொன்னாய். பிடிவாதம் என்று நினைத்தேன். இன்று அதைப் பிடிவாதம் என்று சொல்ல மாட்டேன்.

பிறகுதான் டேரன் வந்தார். எசெக்ஸ் பக்கம் கூரை வேலை செய்கிறவர், பெரிய கை, சின்னக் குரல். தன் இரண்டு பெண் பிள்ளைகளைப் பின் சீற்றில் வைத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடவேண்டும் என்பதுதான் தன் ஆசை என்றார். காரைச் சுற்றி ஒடுங்கி ஒடுங்கி நடந்து பார்த்தார். கதவு மூடுகிற சத்தத்தை இரண்டு மூன்று தரம் கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது. வாங்குகிற முகம் எனக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து நீ அவரிடம் ஒரு ரோச் லைற்றைக் கொடுத்து, முன் பக்கம் கீழே படுத்து ஒரு இடத்தைப் பார்க்கச் சொன்னாய். முன் சில்லைத் தாங்குகிற சட்டத்தில் நீ முதன்முதலாகச் செய்த வெல்டிங் ஒட்டு அது. பழகிய புதிதில் செய்தது. மேலே கறுப்புப் பூச்சும் பூசியிருந்தாய். நீ சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திராது.

அவருக்குத் தமிழ் விளங்காது என்ற துணிவில், "அதை ஏன் இப்ப காட்டுறாய்?" என்று கேட்டேன்.

நீ திரும்பிப் பார்க்காமலே, "பிரேக் பிடிக்கேக்கை பாரம் அதிலதான் அம்மா விழும். அந்த ஒட்டு மேல மட்டுந்தான் பிடிச்சிருக்கு, உள்ளுக்கை பிடிக்கேல்லை. அந்தப் பிள்ளையள் பின்னுக்கு இருக்கப் போகுதுகள்" என்றாய். குரலை உயர்த்தவில்லை. பிறகு அதையே அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னாய்.

டேரன் நெடுநேரம் கீழே படுத்திருந்தார். எழும்பி வந்து தன் கைகளைத் துடைத்துக்கொண்டு, சொன்னதற்கு நன்றி என்றார். தனக்கு வெல்டிங் வராது, மற்ற வேலை எல்லாம் செய்வேன், இதைச் செய்விக்க ஆளும் தெரியாது என்றார். காரை ஒரு முறை தடவிவிட்டுப் போய்விட்டார். அவருடைய வான் தெருமுனையில் திரும்பும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குள் வந்தும் நான் உன்னோடு கதைக்கவில்லை. நீதான் கொஞ்ச நேரம் கழித்து, அந்தாள் செய்தது சரிதான் என்றாய். அந்த ஒட்டைக் கார் றோட்டுக்குப் போகும் முன் வெட்டி எடுத்துத் திரும்பச் செய்வதாகத்தான் தொடக்கத்தில் இருந்தே நினைத்திருந்தாய் என்றும், கடைசியில் செய்யலாம் என்று விட்டது இப்போது கடைசிக்கே வந்துவிட்டது என்றும் சொன்னாய்.

அடுத்த சனிக்கிழமை காலையில் அராவுகிற சத்தம் கேட்டது. நான் வந்து பார்த்தால், நீ முகமூடி போட்டுக்கொண்டு காருக்குக் கீழே கிடக்கிறாய். விற்கப் போகிற கார். அதுவும் யாருக்கு விற்கப் போகிறோம் என்றே தெரியாத கார். அதற்கு இப்படிப் பாடுபட வேண்டுமா என்று கேட்க வாய் எடுத்தேன், கேட்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, தீயணைக்கும் சிலிண்டரை மடியில் வைத்தபடி இருந்தேன். தீப்பொறி எங்காவது பற்றினால் கத்தவேண்டியது என் வேலை. சிலிண்டரை அமத்த என் விரலுக்குப் பலம் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் நீ அந்த வேலையை எனக்குத்தான் தந்தாய்.

பழைய ஒட்டை வெட்டி எடுத்தபோது அதற்குப் பின்னால் இன்னும் கறள் இருந்தது. நல்ல இரும்பு வரும்வரை வெட்டினாய். ஓட்டை பெரிதாகப் பெரிதாக எனக்குத்தான் பயம். புதுத் தகட்டுத் துண்டுகளைப் பழகிப் பார்க்கத் தனியே ஒன்றோடொன்று ஒட்டி, பிறகு அதை அறுத்து, உள்ளே இரும்பு இரும்போடு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தாய். சேரவில்லை. திரும்ப ஒட்டினாய், திரும்ப அறுத்தாய். சட்டத்தில் வைத்து ஒட்டிய முதல் தரம் தகடு உருகி ஓட்டை விழுந்தது. நீ முகமூடியைத் தூக்கிவிட்டு, கராஜ் கூரையைப் பார்த்தபடி கிடந்தாய். அப்போது உன் கண்ணில் தண்ணீர் இருந்தது. புகையாகவும் இருக்கலாம். பிறகு புதிதாக ஒரு துண்டு வெட்டினாய். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நீ என்னைக் கூப்பிட்டாய். என்னால் குனிய ஏலாது என்று போனில் படம் எடுத்துக் காட்டினாய். ஒட்டின இடம் ஒரே சீராக, மீன் செதில் அடுக்கியதுபோல இருந்தது. இதற்கு மேல் உடனே கறுப்புப் பூச வேண்டாம், வருகிறவர் பார்க்கட்டும் என்றாய்.

டேரனுக்கு நீயே போன் எடுத்தாய். வாங்கச் சொல்லிக் கேட்கவில்லை. அந்த இடத்தைத் திரும்பச் செய்துவிட்டேன், இன்னும் விருப்பம் இருந்தால் வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னாய். அவர் அடுத்த நாளே வந்தார். இந்த முறை தன் சொந்த ரோச் லைற்றும் ஒரு சின்னக் கண்ணாடியும் கொண்டுவந்திருந்தார். கீழே படுத்துப் பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார். வெளியே வந்து, இதை யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றாய். அவர் உன் கையைக் குலுக்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, என் கையையும் குலுக்க வந்தார். என் விரல்களைப் பார்த்துவிட்டு மெல்லமாகப் பிடித்தார்.

கார் போன நாள் வெயில் எறித்தது. டேரன் ரெயிலர் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். தள்ளும்போது வளைக்க ஒருவர் வேண்டும் என்று நீ உள்ளே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தாய். இஞ்சின் பூட்டாத, நெம்பர் தகடு இல்லாத, சாம்பல் நிற அடிப்பூச்சு மட்டும் பூசிய கார். அதை டேரனும் பக்கத்து வீட்டுக்காரரும் தள்ள, நீ நேராகப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டு வந்தாய். கராஜுக்குள் நான் ஒரு நாளும் அதை முழுதாகக் கண்டதில்லை. எப்போதும் ஒரு பக்கம் சுவரோடுதான். வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் அந்தக் காரின் அழகு எனக்குத் தெரிந்தது. தோள்போல உயர்ந்த பின்பக்கம், நீண்டு தாழ்ந்த மூக்கு, ஒரு நெளிவு இல்லாத கதவுகள். அந்த நெளிவெல்லாம் எங்கே இருந்ததென்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் நீ எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். இதை என் பிள்ளை செய்தது என்று எல்லோருக்கும் சொல்லவேண்டும்போல இருந்தது. சொன்னேன். நீ கேட்டிருக்க மாட்டாய்.

ரெயிலரில் கட்டி முடிந்த பிறகு டேரன் உன்னிடம், என்ன நிறம் அடிக்க நினைத்திருந்தாய் என்று கேட்டார். எனக்கு அதன் பதில் தெரியும். கரும்பச்சை. நீ கடதாசித் துண்டுகளில் நிறம் பூசி, குசினி யன்னலில் ஒட்டி, காலையிலும் மாலையிலும் பார்த்துப் பார்த்துத் தெரிவு செய்த பச்சை. நீ ரெயிலரில் கட்டிய பட்டியை ஒரு தரம் இழுத்துப் பார்த்தாய். பிறகு, அது இனி உங்களுடைய கார், நிறத்தை உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள் என்றாய்.

சங்கவி, நான் உன்னிடம் கண்டதில் பெரியது அதுதான். கொடுக்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். கொடுத்த பிறகும் ஒரு நூலைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பார்கள். இப்படி வை, இப்படிச் செய், நான் தந்ததை மறக்காதே என்பார்கள். நானும் அப்படித்தான், உனக்குத் தெரியும். நீ பிழையைச் சொல்லி, திருத்த முடிந்ததைத் திருத்தி, பிறகு கையை முழுதாக எடுத்துவிட்டாய். இந்தக் குணத்தை நான் உனக்குச் சொல்லித் தரவில்லை. நீயாகத்தான் எங்கேயோ கற்றுக்கொண்டாய். நட்டுகளிடம் என்றே நினைக்கிறேன்.

உனக்கு நோகவில்லை என்று நான் சொல்லவில்லை. ரெயிலர் போன பிறகு நீ கராஜைக் கூட்டினாய். கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டினாய். அந்த மாதம் முழுக்க சின்னச் சின்ன விசயத்துக்கெல்லாம் சினந்தாய். சனிக்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் நடந்தாய். மாமியின் கதையில் வருகிற தியாகப் பிள்ளை இப்படிச் சினக்க மாட்டாள். நீ சினந்தது எனக்கு நல்லதாகவே பட்டது. பிறகு கட்டட வேலை தொடங்கியதும் அந்த வேலைக்காரர்களை நீ படுத்திய பாடு! என் கைக்கு எட்டும் உயரத்தில் சுவிட்ச், முழங்கையால் திறக்கக்கூடிய பைப், வாசலில் படி இல்லாமல் சரிவு. நீளமான, ஒடுங்கிய இந்த அறையில் நான் இப்போது நினைத்த நேரம் குளிக்கிறேன், நினைத்த நேரம் வெளியே போய் வெயிலில் நிற்கிறேன்.

இப்போது கிளாஸ்கோவில் உனக்குக் கிடைத்திருக்கும் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். பழைய ரயில்களைக் கழற்றித் திருத்தி மறுபடி ஓட விடுகிற இடம், ஒரு குழுவுக்கே நீ பொறுப்பு என்று நீ சொன்னபோது உன் குரல் எப்படி இருந்ததென்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சொல்லி முடித்த கையோடு, அடுத்த முறை பார்க்கலாம் அம்மா என்றும் சொன்னாய். வெள்ளிக்கிழமைக்கு முன் அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும் என்பதை நீ எனக்குச் சொல்லவில்லை. போனில் யாரோடோ கதைத்ததைக் கேட்டேன். இந்த அறையின் சுவர் மெல்லியது.

நீ ஏன் தயங்குகிறாய் என்று எனக்கு விளங்குகிறது. ஆனால் யோசித்துப் பார். நான் யாருடைய தயவும் இல்லாமல் எழும்பி நடமாட வேண்டும் என்றுதானே இந்த அறையைக் கட்டினாய். அதைக் கட்டிவிட்டு நீயும் பக்கத்தில் காவல் இருந்தால் அது என்ன கணக்கு? மருந்தைக் கடைக்காரரே வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறார். நிர்மலா மாமி இரண்டு தெரு தள்ளி இருக்கிறார், கூப்பிடாமலே வருவார். எனக்கு நோவு கூடும் நாட்களும் வரும், அதை நான் மறைக்க மாட்டேன். அப்படியான நாளில் உனக்குப் போன் எடுத்துச் சொல்லுவேன். இனி ஒன்றையும் பூச்சாடிக்குள் ஊற்றுவதில்லை. நீ அங்கே இருந்துகொண்டு கவலைப்படுவாய். படு. கவலைப்பட்டுக்கொண்டே உன் வேலையையும் செய்யலாம்.

நேற்று நீ மத்தியானம் வீட்டுப் போனுக்கு எடுத்தபோது நான் எடுக்கவில்லை. பிறகு கைபேசிக்கு எடுத்தாய்.

"அம்மா, எங்கை நிக்கிறீங்கள்?"

"பஸ்ஸில இருக்கிறன்."

"ஆரோட?"

"தனிய."

பஸ்ஸின் சத்தம் உனக்கும் கேட்டிருக்கும்.

"எங்கை போறீங்கள்?"

"தெரியேல்லை. கடைசித் தரிப்புமட்டும் போய்ப் பாப்பம் எண்டு ஏறினன்."

நீ சிரித்தாய். நான் இறங்கினேன். கடைசித் தரிப்பில் ஒரு பெரிய பூங்கா இருந்தது. இவ்வளவு வருடம் இந்த ஊரில் இருந்தும் அதை நான் கண்டதில்லை. ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல ஒரு சுற்று நடந்து, அங்கே கிடந்த மர வாங்கில் குந்தி நாய்களைப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். கால் நொந்தது. இன்றைக்கும் நோகிறது. நாளைக்கு வேறொரு பஸ்ஸில் ஏறுவதாக இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைவரை வைத்திராதே. இதை வாசித்து முடித்த கையோடு அவர்களுக்கு ஓம் என்று சொல்லு.

அம்மா